மதன்குமாரின் கேரவனுக்கு இடமில்லை

கேரவன் கதவில் ஒட்டப்பட்டிருந்த கடிதத்தை மதன்குமார் மூன்றாவது முறையாகப் படித்தார். மூன்று முறையும் அதில் ஜூன் ஒன்றாம் தேதி என்றே இருந்தது. அதற்குள் வண்டியைப் பொதுப் பாதையிலிருந்து எடுத்துவிட வேண்டுமாம். கீழே ஐந்து வீட்டுக்காரர்களின் கையெழுத்து. ஆக்லாந்தின் தென்கோடியில், பாபகூராவின் அந்தக் குடியிருப்பில் இருப்பதே ஆறு வீடுகள்தான்.

"பக்கத்து வீட்டு டேவ்கூடக் கையெழுத்துப் போட்டிருக்கார் ஸ்வர்ணா. தீபாவளிக்கு அவருக்கு முறுக்கு கொடுத்தோமே!"

"முறுக்கு தின்னவர் காரை வெளியே எடுக்க வேணாமா?" என்றாள் ஸ்வர்ணா. நர்ஸ் உடுப்போடு வாசலில் நின்று ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காலை ஏழு மணி ஷிப்ட்.

கடிதத்தில் தவறு சொல்ல ஒன்றுமில்லை. டிசம்பர், ஜனவரியில் வரும் கோடையில் பாதிப் பேர் ஊரில் இல்லாததால் யாரும் கேட்கவில்லை. இப்போது மே மாதம் பிறந்து, குளிர் தொடங்கி, எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள். காரில் மாட்டி இழுக்கும் அந்தப் பதினான்கு அடி நீளக் கேரவனைச் சுற்றிக்கொண்டு கார் எடுப்பது அவர்களுக்கு அலுத்துப் போயிருந்தது.

கேரவனை டிசம்பரில்தான் வாங்கினார் மதன்குமார். குடும்பத்தோடு இரண்டு முறை கடற்கரைக்குப் போய் வந்தார்கள். இரண்டாவது முறை மூன்று நாளும் மழை. திரும்பி வந்ததும் ஸ்வர்ணா சொன்னது ஒன்றுதான். "வீட்டுல சமைச்சதை அங்க போய் சமைச்சேன்." அன்றிலிருந்து, அவளுக்குக் கேரவன் பிடிக்காது என்று மதன்குமார் முடிவு கட்டியிருந்தார்.

"வித்துடலாம்னு சொல்லப் போறே, அதானே?"

"நான் எங்க சொன்னேன்? குளிர்காலம் முடியிற வரைக்கும் எங்கயாவது வைங்க."

"கவலைப்படாதே. ஆக்லாந்துக்கு வந்து பன்னெண்டு வருஷமாச்சு. ஒரு வண்டி நிறுத்த இடம் கொடுக்க எனக்கு ஆள் இல்லையா?"

"ஆள் இருக்கிற இடம் வேணாங்க. ஆள் இல்லாத இடமாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் ரயிலுக்கு ஓடினாள்.

ஆள் இல்லாத இடம் என்பதெல்லாம் அவர்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லாத விஷயம். மூன்று படுக்கையறை, ஒரு குளியலறை. மதன்குமார், ஸ்வர்ணா, பதினைந்து வயது அபர்ணா, பதினொரு வயது ஆதவன். இவர்கள் போக, மதன்குமாரின் தம்பி மனோஜும் அவன் மனைவி ரஷ்மியும். வாடகைக்கு வீடு கிடைக்கும்வரை இரண்டு வாரம் தங்குகிறோம் என்று பிப்ரவரியில் வந்தவர்கள்.

மதன்குமார் முதலில் கூப்பிட்டது நகரின் இன்னொரு மூலையில், ஏவன்டேலில் இருக்கும் கதிர்காமநாதனை. யாழ்ப்பாணத்துக்காரர், பஸ் டிரைவர், ஐம்பத்தெட்டு வயது. பழைய காலத்து வீடு என்பதால் பின்னால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவுக்குப் புல்வெளி.

"ஓம் தம்பி, கொண்டு வாரும். பின் வளவு சும்மாதான் கிடக்குது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேரவனை இழுத்துக்கொண்டு போனார் மதன்குமார். அங்கே கூடும் ஞாயிற்றுச் சந்தைக்கு வந்த கார்கள் தெருவை அடைத்திருந்தன. குறுகிய கேட்டுக்குள் பின்னோக்கி நுழைய வேண்டும். நான்கு தடவை முயன்றும் கேரவன் கோணலாகவே போயிற்று.

"தள்ளும் தம்பி, என்னட்ட விடும். முப்பது வருசம் பஸ் ஓட்டினவன் நான்."

கதிர்காமநாதன் காரில் ஏறி உட்கார்ந்து, கியரைப் போட்டு, மிகுந்த நம்பிக்கையோடு தன் வீட்டுத் தபால் பெட்டியைச் சாய்த்தார்.

"என்ன அண்ணே, முப்பது வருஷம்னு சொன்னீங்க?"

"பஸ்ஸை ஆர் தம்பி பின்னுக்கு ஓட்டுறது?"

எப்படியோ கேரவன் உள்ளே போய்ச் சேர்ந்தது. கதிர்காமநாதனின் மனைவி குணவதி தேநீரும் ரோல்ஸும் கொடுத்தார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று சாவியை அங்கேயே கொடுத்துவிட்டு, மதன்குமார் நிம்மதியாக வீடு திரும்பினார்.

பத்தாம் நாள் குணவதியிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, நீங்கள் ஒருக்கா வந்து இவரோட கதைக்க வேணும். இவர் உங்கட கேரவனுக்குள்ள போயிருந்துகொண்டு வெளியில வாறாரில்லை."

"ஏன் அக்கா, சண்டையா?"

"ஒரு சண்டையும் இல்லை. சாப்பாட்டுக்கு மட்டும் வாறார். சாப்பிட்டிட்டு, 'அப்ப போட்டு வாறன்' எண்டு சொல்லிப்போட்டுப் போறார். விருந்தாளி மாதிரி!"

வேலை முடிந்ததும் மதன்குமார் ஓடினார். கேரவனுக்குள் கதிர்காமநாதன் சாக்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிளாஸ்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சின்ன ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"வாரும் தம்பி, இரும். வீட்டில மகளும் மருமகனும், மூண்டு பேரப்பிள்ளையள், இவவின்ர தங்கச்சி. எல்லாரும் நல்ல சனம். ஆனா ஒவ்வொருத்தரும் என்னட்ட ஒவ்வொண்டு கேக்கினம். இஞ்ச இருந்தா ஒருத்தரும் ஒண்டும் கேக்கினமில்லை."

பார்க்கப் பாவமாக இருந்தாலும், நல்ல குடும்பம் ஒன்று தன் கேரவனால் இரண்டாகப் பிரிவதை மதன்குமார் விரும்பவில்லை. உள்ளே ஈரக்கசிவு இருக்கிறது, பார்க்க வேண்டும் என்று ஏதோ சொல்லி, கதவைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துக் குணவதி மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை குரல் உயர்ந்திருந்தது.

"தம்பி, மழைக்குள்ள குடையைப் பிடிச்சுக்கொண்டு கேரவன் படியில இருக்கிறார். அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் வீட்டை விட்டு நான் கலைச்சுப்போட்டன் எண்டு நினைக்குது. பின்வீட்டு மனுசி அவருக்கு சூப் கொண்டுவந்து குடுத்திட்டுப் போகுது! எனக்கு மானம் போகுது. வந்து எடுத்துக்கொண்டு போங்கோ."

சனிக்கிழமை எடுக்கப் போனார். ஒரு வாரம் விடாமல் பெய்த மழையில் சக்கரங்கள் பாதி புதைந்திருந்தன. பலகையைக் கொடுத்து, காரை உறுமவிட்டு, நாலாவது முயற்சியில் கேரவன் திடீரென்று துள்ளிக் கிளம்பியது. துள்ளிய வேகத்தில், வேலியோரம் வெளிச்சத்துக்காக வைத்திருந்த குணவதியின் கறிவேப்பிலைத் தொட்டியின்மேல் ஏறி இறங்கிற்று.

குணவதி குனிந்து உடைந்த தொட்டித் துண்டொன்றை எடுத்தார்.

"ஆறு வருசம்" என்றார் குணவதி மெல்ல. "குளிர் தொடங்கினா ஒவ்வொரு பின்னேரமும் வீட்டுக்குள்ள தூக்கி வைச்சு வளர்த்தனான். என்ர பிள்ளையளைக்கூட அப்பிடித் தூக்கேல்லை."

மதன்குமார் மன்னிப்புக் கேட்டார். குணவதி ஒடிந்த கிளைகளைப் பொறுக்கத் தொடங்கினார். கதிர்காமநாதன் வெறுமையாகிப்போன புல்வெளியைப் பார்த்தபடி நின்றார். இருவரும் கையசைக்கவில்லை. பன்னிரண்டு வருட நட்பு. வழியெல்லாம் மதன்குமார் அதையே நினைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் ஸ்வர்ணா கேட்டது ஒரே கேள்விதான். "உள்ள மெத்தை நனையலையே?"

"ஒரு மனுஷன் நட்பே போச்சுன்னு வந்து நிக்கிறான். நீ மெத்தையைக் கேக்கிறே!"

"நாளைக்குப் போய் குணவதி அக்காவைப் பார்த்துட்டு வர்றேன். நம்ம வீட்டுக் கறிவேப்பிலைத் தொட்டியைக் கொடுத்துடலாம். மெத்தை நனைஞ்சுதா, இல்லையா?"

"நனையல."

"சரி. ஆள் இல்லாத இடமாப் பாருங்கன்னு அப்பவே சொன்னேன்."

அடுத்த இடம் மனுரேவாவில் பீட்டரின் வீடு. மதன்குமார் ஒரு பெரிய கிடங்கின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர். அந்தக் கிடங்கிலேயே சூப்பர்வைசராக இருந்த பீட்டர், மலேசியாவிலிருந்து வந்தவர். இந்த முறை மதன்குமார் எல்லாவற்றையும் முன்கூட்டியே விசாரித்தார்.

"தரை எப்படி பீட்டர்?"

"சிமெண்டு. யானை நின்னாலும் புதையாதுலா."

"கறிவேப்பிலை ஏதாவது?"

"எங்க வீட்டுல பிளாஸ்டிக் பூ மட்டும்தான்."

"நீ உள்ள போய் உக்காரமாட்டியே?"

பீட்டர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "எனக்கு ரக்பி பார்க்கவே நேரம் இல்ல மதன். உன் கேரவன்ல போய் நான் என்ன செய்யப் போறேன்?"

அதில் பொய் இல்லை. அவசரத்துக்கென்று கொடுத்த சாவியை வீட்டில் மாட்டிவிட்டு, பீட்டர் அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டு வாரம் கழித்து, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போன மதன்குமார், கேரவனுக்கு வெளியே நாலு பெண்கள் குளிரில் கோட்டை இழுத்துப் போர்த்தியபடி வரிசையாக நிற்பதைக் கண்டார். அவர் கதவை நோக்கிப் போனதும் கடைசியில் நின்ற பெண் தோளைத் தட்டினாள்.

"எக்ஸ்கியூஸ் மீ, கியூ இருக்கு."

"இது என் கேரவன்மா."

"இருக்கட்டும். எல்லாரும் வெயிட் பண்றோம்ல?"

மதன்குமார் வரிசையில் நின்றார். இருபத்தைந்து நிமிடம் கழித்து அவர் முறை வந்தது. உள்ளே பீட்டரின் மனைவி காந்திமதி, ஒரு பெண்ணைச் சாய்த்து உட்காரவைத்து, பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். சமையல் மேடைமேல் கண்ணாடி. சுவரில் விளக்கு. படுக்கைக்கு மேலே அழகான எழுத்தில் ஒரு பலகை: 'காந்தி பியூட்டி'.

"வாங்கண்ணே!" என்றாள் காந்திமதி நூலை எடுத்துவிட்டு. "உங்களுக்கு ரொம்ப தேங்க்ஸ். பத்து வருஷமா இவருகிட்ட ஒரு ரூம் கேட்டேன், கொடுத்தாரா? நீங்கதான் கொண்டுவந்து விட்டீங்க. இந்த வாரம் மட்டும் முப்பது பேரு. உக்காருங்க, உங்க புருவத்தையும் பார்த்துடலாம். காடு மாதிரி கிடக்கு."

வெளியே பீட்டர் அவரை ஓரமாக இழுத்துப் போனார்.

"மதன், எப்படியாவது எடுத்துட்டுப் போ. பக்கத்து வீட்டுக்காரன் தன் டிரைவ்வேல தினமும் யாராவது கார் நிறுத்துறாங்கன்னு கத்துறான். ஆனா நான் சொன்னேன்னு சொல்லிடாத. அவ என்னைக் கேரவன்லயே குடியேத்திடுவா."

அதனால் பொய் சொல்லும் பொறுப்பு மதன்குமாருக்கு வந்தது. மறுநாள் காந்திமதியிடம், அடுத்த வாரம் குடும்பத்தோடு டாவ்போ ஏரிக்குப் போகப் போகிறோம், கேரவன் வேண்டும் என்றார்.

"ஜூன் மாசத்திலயா? குளிர்ல செத்துடுவீங்கண்ணே."

"வெந்நீர் ஊற்றெல்லாம் இருக்கு. பிள்ளைங்க ஆசைப்படுறாங்க."

காந்திமதி யோசித்தாள். முகம் மலர்ந்தது. "அப்ப நாங்களும் வர்றோம்லா! பீட்டர், லீவு போடுங்க! அண்ணே, கேரவன்ல எட்டுப் பேரு படுக்கலாமா?"

மதன்குமாருக்குப் பொய்யை நீட்டிப் பழக்கமில்லை. இரண்டு நிமிடம் தடுமாறிவிட்டு உண்மையைச் சொல்லிவிட்டார், பீட்டர் சொன்னதைத் தவிர. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. காந்திமதி கணவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், பீட்டர் மேகங்களைப் பார்த்தார், எல்லாம் புரிந்துபோயிற்று.

அன்று மாலை கேரவன் கிளம்பும்போது, ஒரு புருவம் திருத்தி மறு புருவம் திருத்தாத ஒரு பெண் கேட்டருகே நின்று மதன்குமாரை முறைத்தாள். பாதி முகம் வியப்போடும் பாதி முகம் கோபத்தோடும் இருப்பதுபோல் அவருக்குப் பட்டது.

இனி எந்த நண்பனும் வேண்டாம் என்று தீர்மானித்து, தன் குடியிருப்புக்கு வெளியே தெருவோரமாகவே கேரவனை நிறுத்தினார். பொதுப் பாதையில் இல்லை, யாருடைய புல்வெளியிலும் இல்லை. இதில் என்ன தப்பு வந்துவிடும் என்று நினைத்தார்.

மறுநாளே அதில் மனோஜ் குடியேறினான். புது வேலை, வீட்டிலிருந்தே செய்வது. இதுவரை அலமாரிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு மீட்டிங் பேசிக்கொண்டிருந்தவன்.

"அண்ணா, ஒரு மணி நேரம்தான். கிளையண்ட் கால். இங்கதான் அமைதியா இருக்கு."

ஒரு மணி நேரம் மூன்றாயிற்று. மூன்று மணி நேரம் குளிரவே, சமையலறை ஜன்னல் வழியாக ஒரு நீளமான வயரை இழுத்து ஹீட்டர் போட்டுக்கொண்டான். அதே நேரத்தில் ரஷ்மி ரைஸ் குக்கரைப் போட, வீடு முழுக்க மின்சாரம் போயிற்று. அபர்ணாவின் பள்ளி அசைன்மெண்ட் பாதியில் அழிந்தது.

"அன்பிலீவபிள், டாட்! ஐ நீட் தி கேரவன் டூ! இந்த ஹவுஸ்ல யாருமே திங்க் பண்ண முடியாது!"

"அப்ப ஐ வாண்ட் இட் டூ" என்றான் ஆதவன், எதற்கென்று தெரியாமலே.

சண்டையைத் தீர்க்க மதன்குமார் ஒரு அட்டவணை போட்டார். காலை முழுக்க மனோஜ், நான்கிலிருந்து ஐந்து அபர்ணா, ஐந்திலிருந்து ஆறு ஆதவன், பிறகு மறுபடி மனோஜ், ஊருக்குப் போன் பேச ரஷ்மிக்கு அரை மணி. கேரவன் கதவில் ஒட்டினார். வேலை முடிந்து ரயிலிலிருந்து இறங்கி வந்த ஸ்வர்ணா, கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே அதை மேலிருந்து கீழ்வரை படித்தாள். உள்ளே போய்க் குக்கரை ஏற்றினாள்.

வியாழக்கிழமை அட்டவணைக்குப் பக்கத்தில் ஒரு புதுக் கடிதம் இருந்தது. நடைபாதையின் குறுக்கே வயர் போவதாகவும், தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த ஒருவர் தடுக்கி விழப் பார்த்ததாகவும் எழுதியிருந்தது. இந்த முறை ஒன்பது கையெழுத்து.

மதன்குமார் சோபாவில் விழுந்தார். அதில் ஏற்கெனவே ஆதவன் படுத்திருந்ததால் எழுந்து தரையில் உட்கார்ந்தார்.

"என்னால முடியல ஸ்வர்ணா. கதிர்காமநாதன் அண்ணன் போனை எடுக்க மாட்டேங்கிறார். பீட்டர் ஆபீஸ்ல என்னைக் கண்டா வேற பக்கம் போறான். இப்ப தெருவே நம்ம மேல கோபமா இருக்கு. ஒரு வண்டி. நிறுத்துறதுக்கு ஒரு இடம். இவ்வளவுதானே கேட்டேன்?"

ஸ்வர்ணா அவர் அருகில் வந்து உட்கார்ந்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் குரல் இதமாக இருந்தது.

"விடுங்க. நீங்க அலைஞ்சது போதும். கேரவனை இழுத்துட்டுப் போக ஆஸ்பத்திரில எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கு. சனிக்கிழமைக்குள்ள நான் பார்த்துக்கறேன்."

மதன்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பெண்ணுக்குக் கேரவனே பிடிக்காது. எட்டு மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வருகிறவள். தான் இழுத்துவந்த தொல்லையையும் அவள் தலையில் போடுவதா? கூடாது. சனிக்கிழமைக்குள் தானே ஒரு இடம் பிடித்து, அவளை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று அந்த நிமிடமே உறுதி செய்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டார். கேரவன்களையும் படகுகளையும் குளிர்காலத்துக்கு வாடகைக்கு நிறுத்திவைக்கும் யார்டுகளை வரிசையாகக் கூப்பிட்டார். ஏழு இடத்தில் ஒரே பதில்: ஏப்ரலிலேயே நிரம்பிவிட்டது. எட்டாவது யார்டு, ஸ்வர்ணா வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அங்கேயும் இடம் இல்லை என்றார்கள். போனில் சொல்வது வேறு, நேரில் போய் நிற்பது வேறு என்று நினைத்தார் மதன்குமார். கேரவனைக் கண்ணால் பார்த்தால் கொஞ்சம் இரக்கம் வரும். மனோஜை லேப்டாப்போடு இறக்கிவிட்டு, கேரவனைக் காரில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

யார்டைப் பார்த்ததும் அவருக்கு மூச்சு வந்தது. உயரமான கம்பி வேலி, கூரை போட்ட நீளமான கொட்டகை, வரிசை வரிசையாக வண்டிகள். ஓர் ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு சத்தம் இல்லை. ஸ்வர்ணா சொன்ன 'ஆள் இல்லாத இடம்' இதுதான் என்று பட்டது.

அலுவலக மேஜையில் இருந்த பெண்ணின் சட்டையில் மாலினி என்று எழுதியிருந்தது. இங்கிலீஷில் தொடங்கினார். அவள் இடம் இல்லை என்று தலையாட்டியதும், தன்னையறியாமல் "அட முருகா" என்றார்.

"தமிழா சார்?" அவள் சிரித்தாள். மலேசியத் தமிழ். "ஆனா தமிழுக்கும் இடம் இல்ல. ஒரே ஒரு இடம் இருந்துச்சு, கொட்டகைல, மூலையில. மே ரெண்டாவது வாரமே போயிடுச்சு."

"கொஞ்சம் இறங்கி வாங்கம்மா. எனக்காகக் கேக்கல. என் மனைவிக்காக. அவங்களுக்கு இந்த வண்டியே பிடிக்காது. ஆனாலும் எனக்காக நானே பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. பாவம், அவங்க நிம்மதிக்காகத்தான் நான் இப்படி அலையிறேன்."

மாலினிக்கு மனம் இளகிவிட்டது. "நல்ல வீட்டுக்காரரா இருக்கீங்க. அந்த மூலை இடம் புக் பண்ணி ஒரு மாசம் ஆச்சு, வண்டி இன்னும் வரல. அவங்க வேணாம்னு சொன்னா உங்களுக்குத் தரேன். பேரை எழுதிக்கறேன். கேரவன் நம்பர் சொல்லுங்க."

மதன்குமார் சொன்னார். மாலினி தட்டினாள். கை நின்றது. திரையைப் பார்த்தாள், ஜன்னல் வழியாகக் கேரவனின் நம்பர் பலகையை எட்டிப் பார்த்தாள், பிறகு மதன்குமாரை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"சார், உங்க மிஸஸ் பேரு ஸ்வர்ணாவா? நர்ஸா?"

"ஆமா. ஏன்?"

"அந்த மூலை இடமே இந்தக் கேரவனுக்குத்தான் சார்; டியூட்டி முடிஞ்சு தினம் ஒரு மணி நேரம் அவங்க மட்டும் வந்து தனியாப் படுப்பாங்களாம், வீட்டுல இருந்து யார் வந்து கேட்டாலும் இடமே இல்லன்னு சொல்லச் சொல்லி கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்காங்க."